திருக்கோவிலில் காந்தம் பொய் சொல்லும்

திருக்கோவில் கடற்கரையில்
காந்தத்தை நம்பக் கூடாது.
நூலில் கட்டி நாலடி இழுத்தால் போதும்,
கருமணல் தாடியாக முளைத்துவிடும்.
எந்தக் கல்லைக் கேட்டாலும்
அதில் ஒட்டிய மணல்
முந்திக்கொண்டு ஓம் என்னும்.

உதுமாலெவ்வை காக்கா
சீனிப் பையில் கொண்டுவந்தார்.
"தம்பிலுவில் வட்டைக்குள்ள விழுந்தது புள்ள.
வானம் பகல் மாதிரி வெளிச்சம்.
மறுகா ஒரு சத்தம்."
மூன்று கிலோ நானூறு.
கழுவித் துடைத்து வெயிலில் பிடித்தேன்.
உடம்பெல்லாம் குமிழ் ஓட்டை.
வானத்துக் கல்லில் அது வெகு அரிது.
நான் உடனே சொல்லவில்லை.

அங்கே இத்தனை சந்தேகம் கிடையாது.
நீலப் பனிக்கட்டி.
மரமில்லை, மதிலில்லை,
றோட்டுக்குக் கல் பறிக்கிற டிப்பர் இல்லை.
மலையடிவாரத்தை விட்டுத் தள்ளி
கறுப்பாய் ஏதும் கிடந்தால்
அது வர ஒரே வழி, மேலே.

விழுந்ததைப் பனி விழுங்கும்.
வயிற்றில் வைத்துக்கொண்டே
ஆயிரமாயிரம் வருடம் நகரும்.
புதைந்த மலை ஒன்று மறிக்கும்.
நின்ற பனியைக் காற்று தின்னும்.
கல்லைத் தின்னக் காற்றுக்குத் தெரியாது.

எட்டுப் பேர். முப்பது மீற்றர் இடைவெளி.
கண்டால் கையை உயர்த்த வேண்டும்.
கையுறையாலும் தொடக் கூடாது.
மூக்குத் தண்ணீர் ஒரு சொட்டு விழுந்தாலும்
மாதிரி கெட்டது என்பார் ஹென்ரிக்.
சொல்லும்போது அவர் மூக்குச் சொட்டும்.
இடுக்கி, பை, இலக்கம்,
பிறகு கொடி.

கொடியில்தான் எனக்குச் சிக்கல்.

பல்கலைக்கழகம் போவதற்கு முன்
இரண்டரை வருடம்
படுவான்கரையில் கண்ணிவெடி பொறுக்கும் வேலை.
முழங்காலில் இருந்து
ஒரு மீற்றர் ஒழுங்கைக்குள்
ஒரு நாளைக்கு ஒரு பாயளவு நிலம்.
செங்கம்பு நட்டால் நில்.
சாந்தரூபி ஒருமுறை
தோண்டிக்கொண்டிருக்கும்போதே தும்மினாள்.
ஒழுங்கை முழுவதும் மூச்சை அடக்கியது.
ஒன்றும் நடக்கவில்லை.
அன்று பின்னேரம் வரை
யாரும் அவளோடு கதைக்கவில்லை.

பனியில் யாராவது கொடி நட்டால்
எல்லாரும் ஓடி வருவார்கள்,
சிரிப்பார்கள், படம் எடுப்பார்கள்.
என் கால் நின்ற இடத்திலேயே நிற்கும்.
கொடி என்றால் வா என்று
முழங்காலுக்குப் புரியவைக்க
நாலு நாள் பிடித்தது.
குளிர் ஏறிவிட்டது என்று நினைத்து
ஹென்ரிக் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.
குடித்தேன்.

அந்தப் பருவம் முந்நூற்றுப் பதினொரு கல்.
ஆய்வுகூடத்தில் மயிரிலும் மெல்லிதாய்ச் சீவி
வெளிச்சத்தை ஊடே விட்டால்
உருண்டை உருண்டையாய் மினுங்கும்,
பூமி திரளும் முன்பே
உருகி உறைந்த மழை.
ஒலிவினில் இரும்பு எத்தனை வீதம்,
துரு எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது,
பார்த்துப் பெட்டியில் எழுத வேண்டும்.
இருநூற்றெண்பதுக்கும் மேல் ஒரே சொல்:
சாதாரணம்.
வகையின் பெயரே அதுதான்,
சாதாரணக் கொண்டிரைற்று.
நானூற்றைம்பது கோடி வருடத்தை
எழுதி எழுதி
எனக்கே கூச்சமாகிவிட்டது.

"எப்பிடி புள்ள?"
"கசடு, காக்கா. நெல்லாலைச் சூளையில
உருகி உறைஞ்சது."
அவர் முகம் வாடவில்லை.
"விழுந்ததைக் கண்டது நானில்ல, மச்சான்தான்.
அவன் சொல்லுறதுல பாதியைக் கழிக்கோணும்."

கொப்பியில் எழுதினேன்.
திகதி, நிறை, சீனிப் பை.
நிமிர்ந்தபோது கல் மேசையில் இல்லை.
சரிவில் நின்ற ஓட்டோவின் பின்சில்லுக்கு
அண்டை கொடுத்திருந்தார்.

"அக்கரைப்பற்று மட்டும் போறன், ஏறு.
அதை மட்டும் எடுத்துப் போட்டுட்டு ஏறு."

குனிந்தேன்.
இடுக்கியைத் தேடி
விரல்கள் ஒரு கணம் சட்டைப்பைக்குப் போயின.
பிறகு வெறுங்கையால் எடுத்தேன்.
சுட்டது.
வெயில்தான்.